முன்னால் நிற்பவருக்கு ஒரு நாற்காலி

உத்திரமேரூரில் நெல் வரிசை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. நெல்லை வாங்குவது அதன் வேலை இல்லை. விற்பதும் இல்லை. யார் முதலில் நெல்லைக் கொண்டுவருவது, யார் அப்புறம் கொண்டுவருவது என்று வரிசை போட்டு டோக்கன் கொடுப்பது மட்டும்தான் வேலை. அதற்கு முப்பத்தாறு பேர் இருக்கிறார்கள். வாரியம் வருவதற்கு முன்னால் விவசாயிகள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள், வரிசையும் நகர்ந்தது என்கிற தகவல் வாரியத்தின் ஆண்டறிக்கை எதிலும் கிடையாது.

இந்த வாரியத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவன் செந்தமிழன். சாலவாக்கத்துக்காரன், டிப்ளமோ படித்தவன். டோக்கன் கொடுக்கிற இணையச் செயலி அவனுக்கு முன்பே வாரியத்தில் சேர்ந்துவிட்டது. ஆவணக் காப்பறையில் ஒரு கம்ப்யூட்டருக்குள் அது குடியிருந்தது. கம்ப்யூட்டரின் நெற்றியில் குங்குமம், மேலே காய்ந்த எலுமிச்சம்பழம், பின்சுவரில் திறப்பு விழாவின் கறுப்புப் பளிங்குக் கல். கல்லில் பதினெட்டுப் பேரின் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. செயலியை எழுதியவன் பெயர் மட்டும் இடம் போதாமல் விட்டுப்போயிருந்தது.

தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பரிலிருந்து டோக்கன் திறக்கும். ஒன்பது இரண்டுக்குச் செயலி படுத்துக்கொள்ளும். செந்தமிழன் ஓடிப்போய் எழுப்பிவிடுவான். ஒன்பது ஐந்துக்கு மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

அது சொர்ணவாரிப் போகத்தின் அறுவடை நேரம். செந்தமிழனின் அத்தை சிட்டம்மாள் இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர். இந்தப் போகத்துக்குத்தான் முதன்முதலாக ஒன்றேகால் ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பேரில் பயிர் வைத்திருந்தார். நாற்பத்திரண்டு மூட்டை கண்டிருந்தது. களத்தில் இடமில்லாமல் ரோட்டோரம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ மழை என்று வானிலைச் செய்தி சொல்லியிருந்தது. ஈரம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடைக்களத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டோக்கன் இல்லாவிட்டால் எடைக்களத்துக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"இன்னாடா செந்தமிழு," அத்தை போனில் கேட்டார். "உன் மிஷினு எப்போ பாத்தாலும் சுத்திகினே கீது. நானும் சிக்னலுக்கோசரம் ஏரிக்கரை மேல ஏறி நிக்கிறேன்."

"கூட்டம் அத்தை. எல்லாரும் ஒரே நேரத்துல வராங்க."

"கூட்டம்னா வரிசைல வுட வேண்டிதுதான? உங்க ஆபீசு பேரே அதானடா?"

செந்தமிழன் போனை வைத்துவிட்டு மறுபடியும் செயலியை எழுப்பப் போனான்.

நோய் என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. செயலிக்கு மொத்தம் நான்கு கை. ஒரு கைக்கு ஒரு விவசாயி. சாலவாக்கம் பக்கம் சிக்னல் ஒரே ஒரு கோடு. பெயரில் பாதி வந்து சேரும். மீதிப் பாதி வருகிறவரை செயலி அந்தக் கையை நீட்டியபடியே நிற்கும். நான்கு கையும் நீட்டியிருக்கும்போது நானூறு பேர் வந்து முட்டினால் அது படுக்காமல் என்ன செய்யும்? முன்னால் ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை நிறுத்தினால் போதும். அதுவும் ஒரு சின்ன மென்பொருள்தான். தெருவைப் பார்த்தபடி அது நிற்கும். நிதானமாக வருகிறவர்களிடம் நிதானமாக முழுதும் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை மொத்தமாக உள்ளே நீட்டி, பதிலை வாங்கி உரியவரிடம் கொடுக்கும். செயலி தெருப் பக்கமே தலைகாட்ட வேண்டியதில்லை.

இதையெல்லாம் குறிப்பாக எழுதி, கடைசியில் "இது பத்து நிமிட வேலை" என்று முடித்தான். அவன் செய்த தப்பு அதுதான். பத்து நிமிட வேலைக்கு வாரியத்தில் படிவம் கிடையாது.

திங்கட்கிழமை தனி அலுவலர் ராஜாராம் கூப்பிட்டு அனுப்பினார்.

"முன்னால ஒருத்தரை நிறுத்தணும்ங்கிற."

"ஆமா சார்."

"வர்றவங்க அவரைத்தான் பாப்பாங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாது."

"கரெக்ட் சார்."

"உள்ள இருக்கறவரு சொல்ற பதிலை இவரு தன் பதில் மாதிரி எடுத்துக் குடுப்பாரு."

"அதேதான் சார்!" பாலிடெக்னிக்கில்கூட யாரும் இதை இவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்டு செந்தமிழன் பார்த்ததில்லை.

ராஜாராம் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஒரு பூரிப்பு. "தம்பி, முப்பத்தோரு வருஷமா நான் அதைத்தான்யா பண்ணிக்கினு இருக்கேன். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. சரி, சொல்லு. இவரு இன்னா கிரேடு?"

"கிரேடுன்னா சார்?"

"செயலிக்கு மேலயா, கீழயா? முன்னால நிக்கறாருன்னா மேலன்னு ஆவுது. செயலிக்குக் கல்லு கீது. கல்லு கீறவங்களுக்கு முன்னால, கல்லே இல்லாத ஒருத்தரைக் கொண்டாந்து எப்பிடி நிறுத்துவ?"

"சார், இது வெறும் சாஃப்ட்வேர்."

"செயலியும் சாஃப்ட்வேர்தான். அதுக்கு எலுமிச்சம்பழம் கட்டலையா?"

எனவே தொழில்நுட்பக் குழு ஒன்று அமைப்பதென்று முடிவாயிற்று. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பானையில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த ஊர் அது. கோயில் சுவரில் கல்வெட்டாகவே இருக்கிறது. வாரியமும் மரபு மாறாமல் எல்லாவற்றையும் பானையில்தான் தீர்மானித்துவந்தது. மின்விசிறிக்குக் கீழே யார் உட்காருவது என்பதைக்கூட. ஆனால் வாரியத்தின் பானையை யாரோ பொங்கலுக்கு எடுத்துப்போய்ப் பொங்கிவிட்டிருந்தார்கள். புதுப் பானைக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கியதில் செவ்வாய்க்கிழமை காலை முடிந்தது.

மத்தியானம் இளநிலை உதவியாளர் சசிரேகா கண்ணை மூடிக்கொண்டு பானைக்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். தொழில்நுட்பக் குழுத் தலைவராக வந்தவர் ஜீப் டிரைவர் வரதன்.

வாரியத்தின் ஜீப் ஆறு வருஷமாக வேப்பமரத்தடியில் நான்கு செங்கல்மேல் நிற்கிறது. வரதன் தினமும் அதைத் துடைத்து, டிரிப் ஷீட்டில் "ஓடவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வாரியத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிற ஒரே ஆவணம் அது.

தலைவர் கிடைத்ததும் வேட்பாளரான ரிவர்ஸ் ப்ராக்ஸியின் தகுதியை ஆராய்ந்தார்கள். கல்வெட்டில் சொன்னபடிதான்.

"சொந்த நிலம் கீதா?" ராஜாராம் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல துளி இடம் போதும் சார்."

"அது வாரியத்து இடம். அப்போ இவரு புறம்போக்கு." எழுதிக்கொண்டார். "சொந்த மனையில வீடு?"

"சார்..."

"இல்ல. வயசு?"

"அது வெளிவந்தது ரெண்டாயிரத்து நாலு சார்."

ராஜாராம் விரல் விட்டு எண்ணினார். "இருவத்தோரு வயசு. கல்வெட்டுல முப்பத்தஞ்சுக்குக் கீழ ஆகாதுன்னு போட்டிருக்கு. பதினாலு வருஷம் கழிச்சி வரச் சொல்லு."

வரதன் கையைத் தூக்கினார். "சார், பதினாலு வருஷம் நெல்லு தாங்காதே."

தலைவரின் கருத்து பதிவு செய்யப்பட்டது. பதினாலு வருஷத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு செய்வதென்று முடிவாயிற்று. சசிரேகாவுக்கு முப்பத்தெட்டு வயது. மானாம்பதி ரோட்டில் சொந்த வீடு. ரிவர்ஸ் ப்ராக்ஸியைத் தமிழாக்கி, அவரை "எதிர்த்திசைப் பதிலாள், பொறுப்பு" என்று நியமித்து ஆணை போட்டார்கள். காப்பறை வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, பெயர்ப் பலகை, வருகைப் பதிவேடு. இணையதளத்தை வெளியாருக்கு மூடிவிட்டார்கள். வருகிறவர் பெயரை எழுதி சசிரேகாவிடம் கொடுக்க வேண்டியது. அவர் உள்ளே போய்த் தட்டி, டோக்கனை வாங்கி வெளியே வந்து கொடுக்க வேண்டியது.

புதன்கிழமை காலை மேசைத் திறப்பு விழா. எண்பது விவசாயிகள் வெயிலில் நின்றார்கள். ராஜாராம் பேசினார்.

"நிர்வாகம்னா இன்னா? மக்களுக்கும் வேலைக்கும் நடுவுல ஒருத்தன் நிக்கறது. நான் சர்வீசுக்கு வந்தப்போ இங்க நடுவுல நிக்க நாலே பேருதான். ரோட்டுலேருந்து பாத்தா நேரா ஃபைலே தெரியும். அவ்ளோ கேவலமா இருந்துச்சி! இன்னிக்கு அப்பிடியா? முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு மனுவையாவது நான் நிராகரிச்சேன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம். எல்லாத்தையும் மேல அனுப்பியிருக்கேன். மேல யாரு இருக்காங்கன்னு நானும் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல. அதுக்குப் பேருதான்யா நம்பிக்கை!"

கைதட்டினார்கள். நிழலுக்குப் போகலாம் என்று கைதட்டினார்கள்.

செந்தமிழனுக்குப் பெரிய மனக்கஷ்டம் என்னவென்றால், ஏற்பாடு வேலை செய்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகிறார். செயலி படுக்கவே இல்லை. சாயங்காலத்துக்குள் நாற்பது டோக்கன் கொடுத்தார் சசிரேகா. ஆனால் நானூறு பேர் காத்திருந்தார்கள். அத்தையின் பெயர் முன்னூற்றுச் சொச்சத்தில் இருந்தது.

"ஒரு மேசைக்கே இவ்ளோ பலன்னா..." என்றார் ராஜாராம். செந்தமிழன் கண்ணை மூடிக்கொண்டான்.

வியாழக்கிழமை காலையில் ஏழு மேசைகள் இருந்தன. சசிரேகாவுக்கு முன்னால் ஒருவர், அவருக்கு முன்னால் ஒருவர் என்று காப்பறையிலிருந்து கேட் வரைக்கும் போட்டிருந்தார்கள். விவசாயியின் சீட்டை ஏழாம் மேசை வாங்கும். "ஏழாம் மேசை மூலம்" என்று எழுதி ஆறாம் மேசையிடம் கொடுக்கும். அது "ஏழாம் மேசை மூலம், ஆறாம் மேசை மூலம்" என்று எழுதி ஐந்தாவதிடம் கொடுக்கும். சீட்டு முதல் மேசைக்கு வருவதற்குள், யார் யார் மூலம் வந்தது என்பது துல்லியமாக இருக்கும். யாரிடமிருந்து வந்தது என்பது மட்டும் காகிதத்தின் ஓரத்தில் இடமில்லாமல் போயிருக்கும்.

பத்து மணிக்கு நான்காம் மேசை நாஷ்டாவுக்குப் போனது. ஐந்தாம் மேசை ஐந்து நிமிஷம் பார்த்தது. அப்புறம் கையிலிருந்த சீட்டுகளிலெல்லாம் "பின்னால் பதில் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியது. புள்ளலூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒருவர் அதையே டோக்கன் என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆனால் மத்தியானத்துக்கு மேல் வரிசை திடீரென்று வேகம் எடுத்தது. நிமிஷத்துக்கு ஒரு டோக்கன் வெளியே வந்தது. செந்தமிழன் ஆச்சரியப்பட்டு முதல் மேசைக்குப் போனான். சசிரேகா நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. எழுதி எழுதி நீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உள்ள போகாமலே எப்பிடிக்கா குடுக்கறீங்க?"

"தம்பி, வர்றவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான? எனக்கு இன்னா நம்பருன்னுதான கேக்கறாங்க? ஒரே கேள்விக்கு எத்தினி தபா உள்ள போயி பதில் வாங்கறது? சோத்துக்கு முன்னாடி ஒருத்தருக்கு வந்த பதிலை எழுதி வெச்சிக்கினேன். கேக்கறவங்களுக்கு அதையே குடுத்துடறேன். எவ்ளோ ஸ்பீடு பாரு!"

"அது இன்னா பதிலுக்கா?"

"பதினேழு."

ஊருக்கெல்லாம் பொதுவான பதிலைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். ஒருவருடைய பதிலை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ரிவர்ஸ் ப்ராக்ஸி வைக்கிறவன் பண்ணக் கூடாத தப்பு என்று பாடத்திலேயே இருந்தது. சதையும் ரத்தமுமாக அந்தத் தப்பைச் செந்தமிழன் அன்றைக்குத்தான் பார்க்கிறான். இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டான். அறுபத்து மூன்று என்றார் சசிரேகா, கொஞ்சம் பெருமையாகவே.

அப்போது அவன் போன் அடித்தது.

"செந்தமிழு! எனக்கு நம்பர் வந்துட்சிடா!" அத்தையின் குரலில் சிரிப்பு. "கேட்டாண்ட கால் கடுக்க நின்னு வாங்கினேன். உன்னாண்டகூட சொல்லாம வாங்கினேன் பாரு. பதினேழாம் நம்பரு! டிராக்டர் சொல்லிட்டேன். நாளைக்குக் காத்தால எடைக்களம்."

வெள்ளிக்கிழமை காலை எடைக்களத்து வாசலில் அறுபத்து மூன்று பதினேழாம் நம்பர்கள் வந்து நின்றன. டிராக்டர், மினி லாரி, ஒரு மாட்டுவண்டி. வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப்போனது. களத்துப் பொறுப்பாளர் ஜான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இருவது வருஷமா எடை போடறேன். ஒரே நம்பருக்கு இத்தினி வண்டி நான் பாத்ததில்லபா. உங்கள்ல யாரு பதினேழு?"

"நான்தான்!" என்று அறுபத்து மூன்று பேரும் சொன்னார்கள்.

"அப்போ பதினாறு யாரு?"

அறுபத்து மூன்று பேரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

வேடந்தாங்கல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கிற மாதிரி தெரியவில்லை. சிட்டம்மாள் டிராக்டரிலிருந்து இறங்கித் தார்ப்பாயின் முனைகளை இழுத்து இழுத்துக் கட்டினார். பிறகு மருமகனுக்குப் போன் போட்டார். திட்டுவார் என்றுதான் செந்தமிழன் எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை.

"ஏன்டா நைனா, இது நனைஞ்சிட்சின்னா அடுத்த போகம் கழனி குடுக்க மாட்டாங்கடா," என்றார் மெதுவாக. "மறுபடி அடுத்தவங்க கழனில நாத்து நடத்தான் போவணும்."

பதினேழாம் நம்பர்கள் பேசி முடித்துவிட்டு ஆபீசை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. அதே நிமிஷம் ராஜாராமுக்குக் காஞ்சிபுரத்தில் ஓர் அவசர ஆய்வுக் கூட்டம் இருப்பது ஞாபகம் வந்தது. ஏழு மேசைகளுக்கும் அதே கூட்டம்தான். பத்தரை மணிக்கு ஆபீசில் செந்தமிழனும், ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த வரதனும் மட்டும் மிச்சம்.

செந்தமிழன் குறிப்பை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனான்.

"வரதண்ணே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்குபா?"

"செயலிக்கு முன்னால ஒருத்தரை நிறுத்தறதுக்கு."

"ஏழு பேரு நின்னது பத்தலையா?"

"அண்ணே, இவரு நாஷ்டாவுக்குப் போமாட்டாரு. யாரு கேட்டாங்களோ அவங்களுக்குத்தான் பதில் குடுப்பாரு. மேசை, நாற்காலி எதுவும் கேக்க மாட்டாரு."

வரதன் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ அவரு இந்த ஆபீசுல நிலைக்க மாட்டாரேபா."

"நிலைக்க வேணாம்ணே. மழை வர்ற வரைக்கும் நின்னா போதும்."

வரதன் வானத்தைப் பார்த்தார். குறிப்பை ஜீப்பின் பானட்மேல் வைத்தார். ஆறு வருஷத்தில் முதல்முறையாக "ஓடவில்லை" என்பதற்குப் பதிலாக "ஓடட்டும்" என்று எழுதி, கீழே தொழில்நுட்பக் குழுத் தலைவர் என்று கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது நிமிஷம் ஆயிற்று. முதல் மூன்றில் மென்பொருள் இறங்கியது. அடுத்த நான்கில் தெருவாசலை அதனிடம் ஒப்படைத்து, செயலியை உள்ளறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். ஒரே ஆள் நூறு தடவை அமுக்கினால் நூறையும் உள்ளே விடாதே என்று ஒரு வரி எழுதினான். டோக்கன் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளாதே என்று இன்னொரு வரி. அதை எழுதும்போது சசிரேகாவை நினைத்துக்கொண்டான். எட்டாவது நிமிஷம் ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டதில் எல்லாம் நின்றது. ஒன்பதாவதில் போட்டான்.

கேட்டுக்கு வெளியே வந்து நின்ற கூட்டத்திடம், "எல்லாரும் போன்ல போடுங்க!" என்று கத்தினான். நம்பிக்கை இல்லாமல்தான் போட்டார்கள். சக்கரம் சுற்றியது. அப்புறம் நின்றது. ஒருவர், "எனக்கு நாப்பத்தொண்ணு," என்றார். பக்கத்தில் இருந்தவர், "எனக்கு நாப்பத்திரெண்டு," என்றார். இரண்டு பேரும் ஒருவர் போனை ஒருவர் வாங்கி, வேறு வேறு நம்பர்தானா என்று பார்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்துக்கு அதுவே ஒரு அதிசயம்.

சிட்டம்மாளுக்கு நாற்பத்தொன்பது வந்தது. ஜான் ஈரம் பார்த்தார்: பதினைந்தரை. கடைசி மூட்டை எடைமேடையை விட்டு இறங்கிக் கொட்டகைக்குள் போனபோது மணி மூன்றே கால். மூன்று நாற்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை ராஜாராம் வந்தார். கேட்டில் ஒருவரும் இல்லை. வராந்தாவிலும் ஒருவரும் இல்லை. ஏழு மேசைகளும் காகிதமில்லாமல் கிடந்தன.

"செந்தமிழா! இன்னாய்யா ஆச்சி? ஆபீசு செத்துப்போச்சா?"

"நடந்துகினு இருக்கு சார். வெள்ளிக்கிழமைலேருந்து நானூத்திப் பன்னெண்டு டோக்கன் போயிருக்கு."

"யாரு கையெழுத்துல?"

"யாரு கையெழுத்தும் இல்ல சார்."

பதினோரு மணிக்குள் மெமோ தயாராகிவிட்டது. எதிர்த்திசைப் பதிலாளுக்குத்தான், அதாவது செந்தமிழன் நிறுத்திய மென்பொருளுக்கு. குற்றம் ஒன்று, ஏழு மேசையின் முன் ஒப்பம் பெறாமல் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பணி முடித்துக் கொடுத்தது. இரண்டு, வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் கையெழுத்திடாதது. மூன்று, தனி அலுவலர் அறைக்குள் நுழையும்போது எழுந்து நிற்காதது. விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம். மெமோவைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட நிமிஷத்திலிருந்து அமல்.

காப்பறை வாசலில் முதல் மேசையின் நாற்காலி காலியாக இருந்தது. பெயர்ப் பலகை அப்படியே இருந்தது. ராஜாராமே வந்து மெமோவை அந்த நாற்காலிமேல் வைத்தார்.

"சார், அவரு கையெழுத்துப் போடலைன்னா?"

"போட்டுத்தான் ஆவணும்."

"போடற வரைக்கும்?"

ராஜாராம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு தடவை புரட்டினார். "போடற வரைக்கும் டூட்டிதான்," என்றார் வேண்டாவெறுப்பாக. "ரூல்னா ரூலுதான்."

புதன்கிழமை சிட்டம்மாள் புது நெல்லில் இடித்த அவலை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். முன்னால் நின்று நம்பர் கொடுத்த புண்ணியவானைப் பார்த்து அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று. பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். நாற்காலியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கடா அவரு? சாப்புடப் போய்கினாரா?"

"இல்ல அத்தை. இந்த நாற்காலில யாரும் கிடையாது."

"யாருமே இல்லியா?"

"யாருமே இல்ல."

"அதான பாத்தேன்," என்றார் சிட்டம்மாள். "அதான் வேல நடக்குது."

தூக்கை மருமகன் கையில் கொடுத்தார். பிறகு, நாலு நாள் நின்ற கால் என்று சொல்லிக்கொண்டே, நாற்காலிமேல் கிடந்த காகிதத்தை எடுத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தார். புழுக்கமாக இருந்தது. காகிதம் நல்ல கெட்டித் தாள். நான்காக மடித்து விசிறிக்கொண்டார்.